ஜோர்ஜ் ஸ்ரீவன்சன்

கண்டி நகருக்குப் புகையிரதம் வந்தது 1867ஆம் ஆண்டில். கடுகண்ணாவை மலையில் மூச்சு வாங்கி ஏறிய அந்த நீராவி இயந்திரத்துக்கு வழிகாட்டியவர், பதினெட்டு வயதுவரை எழுத்தறியாதிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளி.

ஜோர்ஜ் ஸ்ரீவன்சன் 1781இல் இங்கிலாந்திலே வைலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு நெருப்பிடுபவர். மைந்தனைப் பள்ளிக்கு அனுப்பப் பணமில்லை. சிறுவயதிலேயே கூலிக்குச் சென்ற ஜோர்ஜ், இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டி அதன் இரகசியத்தை அறிந்தார். பின்னர் இராப் பள்ளியில் எழுத்தும் கணக்கும் கற்றார். தாம் இழந்த கல்வியைத் தம் மகன் றொபேட்டுக்குக் கொடுக்க, கடிகாரம் திருத்தியும் சப்பாத்துத் தைத்தும் பணம் சேர்த்தார்.

அந்த இரகசியம் நம் சிறுவர்க்கும் விளங்கக்கூடியதே. கேத்தலில் நீர் கொதிக்கும்போது மூடி துள்ளுகிறதல்லவா? நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் தேடும். அவ்வாவியை இரும்பு உருளைக்குள் செலுத்தினால், உள்ளிருக்கும் முசலத்தை முன்னும் பின்னும் தள்ளும். முசலத்தோடு பிணைத்த தண்டு சக்கரத்தைச் சுழற்றும்.

தண்டவாளத்தில் இத்தகைய இயந்திரத்தை முதலில் ஓட்டியவர் திரெவிதிக் (1804) என்பதை மறைத்தல் நியாயமன்று. அதன் பாரத்தைத் தண்டவாளங்கள் தாங்கவில்லை. ஸ்ரீவன்சன் 1814இல் தம் முதல் இயந்திரத்தைச் செய்தார். 1829இல் ரெயின்ஹில் போட்டியில், தந்தையும் மகனும் அனுப்பிய ‘றொக்கற்’ மணிக்கு ஏறத்தாழ 30 மைல் வேகத்தை எட்டி வென்றது. கொதிகலத்துள் வைத்த 25 செப்புக் குழாய்கள் நெருப்பின் வெம்மையை நீரெங்கும் பரப்பின. அதனை அமைப்பித்தவர் அந்த றொபேட்டே.

ஸ்ரீவன்சன் 1848இல் காலமானார். அவர் தண்டவாளங்களுக்கிடையே விட்ட அகலம் 4 அடி 8½ அங்குலம். நம் கண்டிப் பாதையோ 5 அடி 6 அங்குலம்.