எண்ணிப் பார்த்த டாக்டரம்மா



நர்சரி பள்ளி போர்டுகளில் மாண்டிசோரி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரொம்ப நாளாக அதை ஏதோ ஊர்ப் பேர் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு அம்மாவின் பேர்! மரியா மாண்டிசோரி. 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அபூர்வமான காலத்தில், 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

முதலில் அவர் கவனித்தது மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை. இதுங்களுக்கு ஒண்ணும் ஏறாது என்று ஒதுக்கி வைத்த பிள்ளைகள். கையால் தொட்டு, தடவிப் பழகும் பொருள்களைக் கொடுத்தார். அவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்ற பிள்ளைகள் எழுதும் பரீட்சையையே எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. அவருக்கு மட்டும் வேறு யோசனை. இவர்களே தேறும்போது, நல்லா இருக்கிற பிள்ளைகள் ஏன் இவ்வளவு கம்மியாகக் கற்கிறார்கள்? அப்படின்னா கோளாறு பிள்ளைகளிடமா, பள்ளிக்கூடத்திலா?

1907 ஜனவரி 6-ல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பகுதியில் குழந்தைகள் இல்லம் திறந்தார். அப்பா அம்மா வேலைக்குப் போனபின் தெருவில் திரிந்த சின்னப் பிள்ளைகள், ஐம்பது பேருக்கு மேல். அங்கே நடந்த ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்லணும்.

மூணு வயசு இருக்கும் ஒரு பாப்பா. மரக்கட்டையில் சின்னதும் பெருசுமாகக் குழிகள், அதில் பொருந்தும் உருளைகள். பாப்பா எல்லாவற்றையும் எடுக்கிறாள், கலக்கிறாள், திரும்பப் பொருத்துகிறாள். மறுபடியும். மறுபடியும். மரியா பேசாமல் எண்ண ஆரம்பித்தார். சுற்றி மற்ற பிள்ளைகளைப் பாட விட்டார். பாப்பா நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார். பாப்பா கட்டையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்! நாற்பது தடவைக்கு மேல் ஆனபிறகு, தூங்கி எழுந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டே தானாக நிறுத்தினாள்.

நாமாக இருந்தால் முதல் பத்திலேயே, போதும் விடுன்னு பிடுங்கியிருப்போம். மரியாவுக்கு அந்த நாற்பதுதான் மதிப்பெண். எந்தப் பொருளைப் பிள்ளை தானே எடுத்தது, எவ்வளவு நேரம் அதில் இருந்தது, எப்போது தானாக விட்டது: இதையெல்லாம் டீச்சர் பார்த்துக் குறிக்க வேண்டும் என்றார். டாக்டர் அல்லவா, உயரமும் எடையும்கூட விடாமல் அளக்கச் சொன்னார். பரிசும் தண்டனையும் மட்டும் தேவையில்லை என்றார்.

ஒரு விஷயம்தான் எனக்கு ஆறவே இல்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் நம்ம பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க. மரியாவின் மகன் மரியோ 1898-ல் பிறந்தான். அம்மாவுக்குத் திருமணம் ஆகவில்லை. வெளியே தெரிந்தால் வேலையும் பேரும் போயிருக்கும். அதனால் பையன் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை எத்தனை தடவை உருளையைப் பொருத்தியது என்று எண்ணியவர், தன் பிள்ளை வளர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. அவன் பெரிய பையனானபின்தான் கூட அழைத்துக்கொண்டார். அப்பவும் ரொம்ப வருஷம் உறவுக்காரப் பையன் என்றே மற்றவர்களிடம் சொன்னார்.

1939-ல் இருவரும் நம்ம சென்னை அடையாறுக்கே வந்தார்கள்! ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க. 1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. மரியாவின் 70-வது பிறந்தநாளை ஒட்டி மகனை விடுவித்தார்கள். பிறகு கொடைக்கானலில் இருந்தார்கள். இந்தியாவில் இருந்தபோது கைக்குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தார். பிறந்த நாளிலிருந்தே பிள்ளை கற்கிறது என்று அவர் எழுதிய புத்தகம் 1949-ல் சென்னையில்தான் வெளியானது. 1952 மே 6-ல் நெதர்லாந்தில் இறந்தார். மரியோ கடைசிவரை கூடவே இருந்தார்.

இதை ஏன் எழுதினேன்னா, எல்.கே.ஜி. படிக்கும் என் தம்பி ரிப்போர்ட் கார்டில் கவனம் போதாது என்று போட்டிருந்தது. வீட்டில் ஒரே திட்டு. நேத்து அவன் அப்பாவின் டிபன் கேரியரைக் கழற்றி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் பேசாமல் உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது தடவை. அம்மாவிடம் நோட்டைக் காட்டியிருக்கிறேன்.