கரும்புத் தோட்டத்துக் கண்ணீரைப் பாடியவர்



பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் 1613-ம் வருஷம் கட்டிய கோட்டையின் இடிபாட்டை நீர் அறிவீர். அந்த நூற்றாண்டில் நம் கரையிலிருந்து துணி மூட்டைகள் மட்டுமா கப்பலேறின? பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகளும் அடிமைகளாய் பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள்.

பிற்காலத்தில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் வேறு பெயரில் திரும்பி வந்தது. 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 இந்தியர் பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஐந்து வருஷம் வெள்ளைத் துரைமாரின் கரும்புத் தோட்டத்தில் உழைக்க வேண்டும். வேலையில் குறைந்தால் அபராதம், சிறை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில் ஆள் சேர்த்தபடியால், பெண்கள் பட்ட பாடு சொல்லத் தரமன்று.

இந்தச் சேதி ஒரு தமிழரின் உள்ளத்தைச் சுட்டது. அவர்தான் சுப்பிரமணிய பாரதியார்.

1882 டிசம்பர் 11-ல் எட்டயபுரத்தில் பிறந்தவர். 1904-ல் சுதேசமித்திரன் பத்திரிகையில் அமர்ந்தார். 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் ஆங்கில ஆட்சியை அஞ்சாமல் எதிர்த்தார். கைதுக்குத் தப்பி 1908-ல் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்தார். அங்கே வறுமையும் வேவுகாரரும் அவரை விட்டபாடில்லை.

பிஜித் தீவை அவர் கண்ணால் கண்டதில்லை. அங்கே வாடிய பெண்களில் எவரும் அவருக்கு உற்றாரும் அல்லர். ஆயினும் கரும்புத் தோட்டத்தில் அவர்கள் விட்ட கண்ணீரைப் பாட்டாக்கினார். தொலைதூரத் துன்பம் அந்தப் பாட்டினால் தமிழ் வீடுகளுக்குள் வந்தது. 1915-ல் பிஜிக்குச் சென்று விசாரித்த ஆண்ட்ரூஸ் போன்றோரும் நாடெங்கும் குரல் எழுப்பினார்கள். 1920 ஜனவரி 1-ல் அங்கு மீதியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. பாரதியார் மறுவருஷம் செப்டம்பரில், 38 வயதில், திருவல்லிக்கேணியில் காலமானார்.

அவர் நம் வேதத்தவர் அல்லர். ஆயினும் சேசுநாதரையும் மகதலேன் மரியம்மாளையும் பாடியவர். அந்நியரின் துயரைத் தம் துயராய் எண்ணியதில் நம்மில் பலருக்கு முந்திக்கொண்டார்.

வாசகரே, இன்றும் நம் கடற்கரைப் பிள்ளைகள் கடல் கடந்து பிழைக்கப் போகிறார்கள். பேசிய சம்பளம் கிடையாமல், பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்துத் தவிப்பவர்களும் உண்டு. எழுத்தறியாத தாய் தன் மகனுக்காக யாரிடம் போய் மனு எழுதுவாள்? பாட்டுக் கட்ட நமக்கு வராமற் போகலாம். மனு எழுத வரும். அவள் உம் வாசலுக்கு வந்தால், நாளைக்கு என்று சொல்லாதேயும். பேனாவை எடும்.