ஆசிரியரோடு ஆசிரியராய்: புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால்

கல்விக்குக் கொடை தந்தவர்களை உலகம் மறப்பதில்லை. பள்ளியின் முகப்பில் அவர்கள் பெயரைக் கல்லிலே பொறித்து வைக்கிறது. ஆனால் அப்பள்ளியில் பாடம் சொல்லும் ஆசிரியர் மாலையில் எங்கே தங்குகிறார், என்ன உண்கிறார், அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அப்படிக் கேட்ட ஒரு பெருமகனின் வாழ்க்கையை நமது யூபிலி மலரில் நினைவுகூர விழைகிறோம்.

பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரில், 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள், செல்வக் குடும்பமொன்றின் மூத்த மகனாகப் பிறந்தார் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். 16 வயது நிறையுமுன்பே ரீம்ஸ் பேராலயத்தில் கானன் பதவி அவரைத் தேடி வந்தது. மதிப்பும் நிலையான வருமானமும் உடைய பதவி அது. 1671-இல் தாயையும், 1672-இல் தந்தையையும் இழந்தார். தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு அவர் தோள்மீது விழுந்தது. 1678-இல் குருப்பட்டம் பெற்றார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தம் வாழ்வையே மாற்றப்போகிறது என்று அந்நாளில் அவர் கனவிலும் கருதியதில்லை.

1679-ஆம் ஆண்டு ஆத்ரியான் நியேல் என்னும் ஆசிரியர் ரீம்ஸ் வந்து சேர்ந்தார். அவரை அனுப்பியவர், ரீம்ஸில் பிறந்து ரூவான் நகரில் வாழ்ந்த மயிபேர் அம்மையார். தாம் பிறந்த ஊரின் ஏழைச் சிறுவர்கள் கட்டணமின்றிக் கல்வி பெற வேண்டுமென்று, ஆசிரியரின் பிழைப்புக்கு ஆண்டுதோறும் 300 லிவ்ர் தர அம்மையார் முன்வந்தார். லசாலின் யோசனையும் துணையும் கிடைக்கவே, அவ்வாண்டே புனித மவுரீசியார் பங்கில் பள்ளி தொடங்கியது. மற்றொரு சீமாட்டியின் கொடையால் புனித யாகப்பர் பங்கிலும் ஒரு பள்ளி எழுந்தது.

பள்ளிகள் எழுந்தன, ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. பெருகி வந்த ஆசிரியர்களுக்குக் கிடைத்த தொகை போதவில்லை. நியேல் ஊர் ஊராகச் சென்று புதிய பள்ளிகளைத் திறப்பதிலேயே ஆர்வம் கொண்டிருந்தார். வழிகாட்டுவாரும் ஊக்குவிப்பாரும் இன்றி இளம் ஆசிரியர்கள் சோர்ந்தனர். வகுப்புகள் சீர்குலைந்தன. குறை எங்கே என்பதை லசால் கண்டுகொண்டார்: பள்ளியைக் காக்க வேண்டுமானால் முதலில் ஆசிரியரைக் காக்க வேண்டும்.

முதலில் தம் இல்லத்துக்கு அருகே அவர்களுக்கு ஒரு வீடு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார். பின்னர் தம் வீட்டிலேயே உணவளித்தார். 1681-ஆம் ஆண்டு ஜூன் 24, ஸ்நாபக அருளப்பர் திருநாளன்று, அவர்களைத் தம் இல்லத்திலேயே குடியமர்த்தினார். உறவினர் கொதித்தெழுந்தனர். அந்நாளில் ஏழைப் பள்ளி ஆசிரியரென்றால் வேலைக்காரருக்கும் கீழாக மதிக்கும் வழக்கம் இருந்தது. அத்தகையோருடன் குலமகன் ஒரே பந்தியில் அமர்வதா என்று சினந்து, அவர் தம்பியரை அவரிடமிருந்து பிரித்துச் சென்றனர். மறு ஆண்டு அதே திருநாளில், தம் குடும்ப மாளிகையை விட்டு ஆசிரியர்களோடு வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார் லசால்.

ஆயினும் சோதனை தீர்ந்தபாடில்லை. முதலில் வந்த ஆசிரியர்களுள் பலர் ஒழுங்கான வாழ்வுக்கு இசையாமல் விலகினர். புதிதாக வந்தவர்களோ வருங்காலத்தை எண்ணி அஞ்சினர். இறைவனின் பராமரிப்பை நம்புங்கள் என்று லசால் தேற்றினார். அதற்கு அவர்கள் கூறிய விடை அவர் நெஞ்சைத் துளைத்தது. கானன் வருமானமும் தந்தைவழிச் சொத்தும் உள்ளவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது எளிது. பள்ளி மூடப்பட்டால் தெருவில் நிற்கப்போவது தாங்களே என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. லசால் மறுக்கவில்லை.

தம் செல்வத்தைப் பள்ளிகளுக்கே மூலதனமாக வைத்துவிடலாமா என்று எண்ணினார். அவர் ஆலோசனை கேட்ட பாரே அடிகளாரோ, சொத்தின்மேல் நிறுத்தப்படும் பள்ளி உருகிப்போகும் என்னும் பொருள்பட எச்சரித்தார். 1683-இல் லசால் கானன் பதவியைத் துறந்தார். அதைத் தம் தம்பிக்கு அளிக்காமல் ஓர் ஏழைக் குருவுக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த கொடும் பஞ்சத்தில் தம் உடைமைகளை அப்பமாக்கிப் பசித்தோருக்குப் பகிர்ந்தளித்தார். இனி அவருக்கும் அவருடைய ஆசிரியர்களுக்கும் ஒரே நிலை, ஒரே நாளை. அதன்பின் அவர் சொல்லை ஐயுற எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இவ்வாறு உருவானதே கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர் சபை. நாட்டுப்புறப் பள்ளிகளுக்கென ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமும் ரீம்ஸில் தோன்றியது. இலத்தீனுக்குப் பதில் தாய்மொழியிலேயே பிள்ளைகள் வாசிக்கக் கற்றனர். 1688-இல் பாரிஸ் சென்றபோது, கட்டணம் வாங்கிக் கற்பித்த எழுத்தாசான்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். நோயும் பிரிவும் சபையைக் குலைத்த 1691-இல், அவரும் இரு தோழரும் பிச்சை எடுத்து வெறும் அப்பம் உண்ண நேரினும் இப்பணியைக் கைவிடுவதில்லையென வார்த்தைப்பாடு கொடுத்தனர்.

1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று, ரூவானில் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது சுமார் 100 சகோதரர்கள் அவர் பணியைத் தொடர இருந்தனர். 1900-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். 1950-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார்.

மயிபேர் அம்மையாரின் கொடை இல்லையேல் ரீம்ஸில் அப்பள்ளியின் கதவு திறந்திராது. லசாலின் தோழமை இல்லையேல் அது திறந்தே இருந்திராது. நாமும் நம் பிள்ளைகளின் பள்ளிக்கு நன்கொடை தருகிறோம். ஆண்டு விழாவில் கைதட்டுகிறோம். வெளியூரிலிருந்து வந்து நம் ஊரில் பணிபுரியும் ஆசிரியருக்கு நல்ல வீடு கிடைத்ததா, நோயுற்றால் பார்ப்பார் உண்டா, ஞாயிறன்று அவரை உணவுக்கு அழைப்பார் உண்டா என்று கேட்டிருக்கிறோமா? அன்பர்களே, இந்த யூபிலி ஆண்டில் அக்கேள்வியை நம் ஒவ்வொரு குடும்பமும் கேட்கட்டும்.