விண்ணகம் சென்ற கல்பனா சாவ்லா

சிவகாசிச் சீமையில் பிறந்த நமக்கு ராக்கெட் புதிதன்று. பாட்டிலில் செருகித் திரியைக் கொளுத்தினால் சீறிப் பாயும். அது எப்படித் திரும்புகிறது என்று நாம் பார்ப்பதில்லை. மறுநாள் மொட்டைமாடியில் கருகிய குச்சி கிடக்கும்; அவ்வளவுதான். மனிதரைச் சுமந்து செல்லும் ஊர்தியோ பத்திரமாகத் திரும்பியாக வேண்டும். அப்படித் திரும்பும் வழியில் உயிர் நீத்தவர் கல்பனா சாவ்லா.

ஹரியானாவின் கர்னால் நகரில் 1962 மார்ச் 17ஆம் நாள் பிறந்தார். ஏடுகளிலோ 1961 ஜூலை 1 என்றிருக்கும். நம் வீடுகளிலும் நடப்பதுதானே! வீட்டில் மோன்டு என்றே அழைத்தனர். பள்ளியில் சேர்த்தபோது கல்பனா என்னும் பெயரை அவரே தேர்ந்துகொண்டார் என்பர்.

சண்டிகர் பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் விமானப் பொறியியல் கேட்டபோது, பெண்ணுக்கு வேறு பாடம் ஆகாதா என்றவர்கள் உண்டு. அவர் அசையவில்லை. 1982இல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். 1988இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முனைவரானார். அவ்வாண்டே நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றைக் கணிப்பொறியில் கணக்கிடலானார். காற்று விமானத்தை மேலே தூக்கவும் செய்யும். பின்னுக்கு இழுக்கவும் செய்யும். முன்னதைத் தூக்குவிசை என்றும் பின்னதை இழுவை என்றும் சொல்வோம்.

1997 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் முதன்முறை பறந்தார். 2003 ஜனவரி 16இல் மீண்டும் அதே ஓடத்தில் புறப்பட்டார்.

விண்ணோடம் திரும்புகையில் எஞ்சின் ஓடாது. மணிக்குச் சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தைக் காற்றின் இழுவைதான் தணிக்க வேண்டும். அதற்காக மூக்கை ஏறத்தாழ 40 பாகை உயர்த்தி, வயிற்றைக் காற்றுக்குக் காட்டி வரும். தூக்குவிசை குறைந்தால் அடர்ந்த காற்றில் விரைந்து விழுந்து வெந்துபோகும். மிகுந்தால் இறங்காமல் இலக்கைத் தாண்டிவிடும். ஆகவே இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து இறங்கும். அப்போது இறக்கையின் முன்விளிம்பு சுமார் 1,600 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தாங்க வேண்டும்.

அந்த விளிம்பில்தான் அடி விழுந்திருந்தது. புறப்பட்ட 82ஆம் விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்கட்டி ஒன்று இடது இறக்கையில் மோதிற்று. எடை ஒரு கிலோகூட இராது. விண்ணிலிருக்கும் ஓடத்தைப் படமெடுத்துப் பார்க்கலாமே என்று பொறியாளர் சிலர் கேட்டனர். மேலிடத்தார் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிப்ரவரி 1. ஓட்டை வழியே கொதிக்கும் காற்று உட்புகுந்தது. இறக்கை உருக்குலைய, இடப்பக்கத்தில் இழுவை மிகுந்தது. இடப்புறம் திரும்பத் துடித்த ஓடத்தைக் கணிப்பொறி இயன்றமட்டும் நேராக்கிப் பார்த்தது. தரையிறங்க 16 நிமிடங்களே இருக்கையில், டெக்சஸ் மாநிலத்தின் மேல் சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில் சிதறிற்று. எழுவரும் மாண்டனர். காற்றை ஆராய்ந்தவரைக் காற்றே கொண்டுபோயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. நமக்கு அது சரியாகப் படவில்லை. காற்று தன் விதிப்படிதான் நடந்தது. கேட்ட கேள்வியைக் காதில் வாங்காதவர்கள் மனிதர்கள்.

நான்கு நாட்களுக்குப் பின், 2002 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நம் நாட்டு வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டினர். 2017 வரை அது மேகப் படங்களை அனுப்பிவந்தது. மழை வருகிறதென்றால் காயப்போட்ட வெடியை அள்ளி உள்ளே வைக்க ஓடுகிற நம் ஊரின் மேகங்களும் அவற்றில் உண்டு.