எட்மண்டு அல்பியசு

பூவின் மகரந்தம் சூல்முடியைச் சேர்ந்தாலன்றிப் பெரும்பாலும் காய் தோன்றாது. வெப்பநாட்டுக் காடுகளில் இப்பணியை வண்டும் தேனீயும் பறவையும் வௌவாலும் இயற்றுகின்றன. மெக்சிக்கோ நாட்டு வனிலாக் கொடிக்கு அந்நாட்டுத் தேனீக்களே துணை. பிரெஞ்சுக்காரர் அக்கொடியை இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவிற் கொணர்ந்து நட்டனர். கொடி தழைத்துப் பூத்தது. ஆயினும், துணைசெய்யும் தேனீ அங்கில்லாமையால் காய்க்கவில்லை.

அத்தீவில் 1829ஆம் ஆண்டு எட்மண்டு அடிமையாய்ப் பிறந்தார், பிறந்தபொழுதே அன்னையை இழந்தார், பள்ளியை அறியார். பெலியே போமோன் என்னும் நிலக்கிழார் அவரைத் தம் தோட்டத்திற்கு உடனழைத்துச் சென்று செடிகொடிகளின் இயல்பைக் காட்டிவந்தார். 1841ஆம் ஆண்டு, 12 வயதுச் சிறுவரான எட்மண்டு வனிலாப் பூவைக் கூர்ந்து நோக்கினார். மகரந்தத்திற்கும் சூல்முடிக்கும் இடையே மெல்லிய மடல் ஒன்று திரைபோல் நின்றது. சிறு குச்சியால் அதனை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலாற் சூல்முடியில் அழுத்தினார். காய் தோன்றிற்று! நிலக்கிழார் முதலில் நம்பவில்லை. தம் கண்ணாற் கண்டபின் வியந்தார். பிற தோட்டத்தாரும் எட்மண்டை அழைத்து அம்முறையைக் கற்றனர், செல்வம் பெருக்கினர்.

1848இல் அடிமைமுறை ஒழிந்தது. அல்பியசு என்னும் பெயர் பூண்டு விடுதலை பெற்ற அவருக்கு, பொருளொன்றும் கிட்டவில்லை. திருட்டுக் குற்றத்திற்காகச் சிறையும் புகுந்தார். கண்டுபிடித்த பெருமையையும் தாவரநூல் வல்லார் ஒருவர் தமதென்றார். நிலக்கிழாரோ எட்மண்டின் பக்கம் நின்று உண்மையை நிலைநாட்டினார். 1880இல் அல்பியசு வறுமையிலேயே மறைந்தார்.

இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் அவர் காட்டிய முறையே கைக்கொள்ளப்படுகிறது. அறிவு குலத்தையும் செல்வத்தையும் நோக்கித் தோன்றுவதன்று. அதனைப் போற்றிப் பேணாமை உலகின் குறையே ஆகும்.