கல்லின் மொழி கற்றவர்

எகிப்து நாட்டுக் கோயிற் சுவர்களிலே பருந்துத் தலையோடு நிற்பவன் ஓரஸ். நரித் தலையோடு நிற்பவன் அனுபிஸ். இன்று பள்ளிச் சிறுவனும் இதைச் சொல்வான். ஆனால் அந்நாட்டில் பூசை நின்று, எழுத்தைப் படிப்பாரும் மறைந்தபின், கிரேக்கர் எழுதிவைத்த செய்திகளைத் தவிர அவ்வுருவங்களை விளக்க வேறு துணை இல்லாது போயிற்று. 1822இல் சாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்த பின்னரே அத்தெய்வங்கள் மீண்டும் வாய் திறந்தன.

நம் நாட்டில் பூசை நிற்கவில்லை. ஆயினும் சிலைகளின் இலக்கணம் வடமொழி ஆகமங்களிலும் ஸ்தபதிகளின் நினைவிலும் ஒடுங்கிக் கிடந்தது. கும்பிடுவோர் ஆயிரம், கையிலிருப்பது மழுவா, மானா என்று உற்று நோக்குவோர் சிலரே. அந்த இலக்கணத்தை உலகறியத் தொகுத்துத் தந்தவர் நாம் பயிலும் இதே திருவனந்தபுரத்தில் பணிபுரிந்தவர். அவரே டி. ஏ. கோபிநாத ராவ்.

1872இல் பிறந்த அவர் எம்.ஏ. பட்டம் பெற்றவர். மூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் தலைவராக அமர்ந்தார். இங்கே மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை கல்வெட்டாராய்ச்சிக்கு வழி திறந்துவிட்டு 1897இல் மறைந்திருந்தார். அவ்வழியை அரசவழியாக்கியவர் ராவ். 1910 முதல் அவர் வெளியிட்ட திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையிலே வட்டெழுத்துச் சாசனங்கள் பல அச்சேறின. அவ்வரிசையில் வந்தவற்றுள் ஒன்று ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு. 866ஆம் ஆண்டில் 95 மாணவர்க்கு உணவும் கல்வியும் அளித்த சாலையை அது கூறுகிறது. விடுதிச் சோற்றைக் குறை கூறும் நண்பர்களே, நமக்கு முன்னோர் இருந்திருக்கிறார்கள்!

1911இல் குடிமல்லம் என்னும் சிற்றூரில், இன்றைய ஆந்திர மாநிலத்தில், பழைய இலிங்கம் ஒன்றை அவர் ஆராய்ந்தார். அதன் முகப்பில் குள்ளன் ஒருவன்மீது நிற்கும் சிவன். ஒரு கையில் ஆடு, மறு கையில் சிறு கலம், தோளிலே மழு. நமக்குக் கிடைத்துள்ள ஆகமங்கள் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. ஆகவே நூலை மட்டும் நம்பாமல், ஆடையையும் அணியையும் பார்ஹுத், சாஞ்சிச் சிற்பங்களோடு ஒப்பிட்டு, கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது என்று கணித்தார். காலத்தில் கருத்து வேறுபாடு இன்றும் உண்டு. ஆனால் கல்லையே சாட்சிக் கூண்டில் ஏற்றிய முறை பிழையற்றது. அறிவியல் மாணவனாகிய என்னை அவர்பால் ஈர்த்தது இதுவே.

இந்துத் திருவுருவ இலக்கணம் பற்றிய அவரது ஆங்கிலப் பெருநூல் 1914இலும் 1916இலும் இரு தொகுதிகளாக, நான்கு பகுதிகளாக வெளிவந்தது. நின்ற, இருந்த, கிடந்த கோலங்களை அதிலே வகைப்படுத்தினார். அந்நூலைப் படித்தபின் பத்மநாபன் பள்ளிகொண்ட கோலத்தை நினைத்தால், பக்தியோடு அறிவும் சேர்ந்து விழிக்கும்.

அளவையும் அவர் விடவில்லை. எகிப்தியக் கலைஞர் நிற்கும் உருவத்தை அடி முதல் முன்மயிர் வரை 18 கட்டங்களில் அடக்கினர். நம் சிற்பியோ மும்மூர்த்திகளை உத்தம தசதாளத்தில் 124 அங்குலமாகப் பகுத்தான். இந்த அங்குலம் சிலையின் உயரத்திலிருந்தே பிறப்பது. ஆதலால் சாணளவுச் செம்பும் ஆளுயரக் கல்லும் ஒரே விகிதம் பெறும். தாளமானம் பற்றிய அவரது நூல் 1920இல் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை. 1919இல், ஐம்பது வயதை எட்டுமுன்னே மறைந்துவிட்டார்.

பிழைப்புக்கும் படிப்புக்கும் எல்லை கடந்து வந்த நமக்கு, இம்மண்ணில் நம் பங்கு என்ன என்ற ஏக்கம் சில வேளை எழுவதுண்டு. சாசனங்களைத் திறந்து பார்த்தால் அந்த ஏக்கம் தீரும். வரும் ஞாயிறன்று திரைப்படக் கொட்டகைக்குப் போகுமுன் அருங்காட்சியகத்துக்குள் ஒருமுறை நுழையுங்கள். ஒரு வெண்கலத் திருமேனியின்முன் நின்று, கைகளை எண்ணி, ஆயுதத்தை நோக்கிப் பெயரைக் கண்டுபிடியுங்கள். ராவுக்கு நாம் செய்யக்கூடிய சிறு கைம்மாறு அதுவே.