சிறகுகளின் தோழர் சாலிம் அலி

மாமன்னர் பலரின் வரலாறுகளை நாம் படித்திருக்கிறோம். பல்கலைக்கழகப் பட்டம் இன்றியே பேரறிஞராக உயர்ந்த ஒருவரைப் பற்றி இங்கு எழுத விழைகிறேன். அவர்தாம் பறவையியல் மேதை சாலிம் அலி.

1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவயதில் அவர் சுட்டு வீழ்த்திய குருவியொன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவியென அறியப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அன்று தொடங்கிய உறவு ஆயுள் முழுதும் நீடித்தது.

பட்டம் இல்லாமையால் அரசின் பறவையியல் பணி கிட்டவில்லை. பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பயின்று திரும்பியபோது, முன்பிருந்த அருங்காட்சியக வேலையும் போயிருந்தது. அவர் சோர்ந்தாரில்லை. கிகிம் என்னும் கடலோரச் சிற்றூரில் தங்கித் தூக்கணாங்குருவியின் இல்வாழ்க்கையை ஆராய்ந்தார். வேலையற்றிருந்த நாட்களே அவர் பெயரை நிலைநாட்டின! 1941இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல், பாமரரையும் பறவை நோக்கர் ஆக்கியது.

எனினும் அவர் பணிகளுள் நான் பெரிதும் போற்றுவது வலசை ஆராய்ச்சியையே. பறவையை வலையில் பிடித்து, எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவர். அது வேற்றிடத்தில் அகப்பட்டால், அதன் வழி புலனாகும். இங்கு வளையமிட்ட பறவைகள் சோவியத் நாட்டில் கிடைத்தன. நமது கோடியக்கரையும் இவ்வாராய்ச்சிக் களங்களுள் ஒன்று. 1967இல் அது சரணாலயமாயிற்று.

அங்கு வரும் உள்ளான்களுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் ஆழங்குறைந்த நீரும் சேறுமே உணவுக்களம். சேற்றிலுள்ள புழுக்களைத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்த பின்னரே அவை வடதுருவத்தை அடுத்த சமவெளிக்குத் திரும்ப இயலும். நன்னீர் வரத்துக் குன்றினாலும், சதுப்பு உப்பளமாக மாறினாலும் அப்பயணம் தடைபடும். நாம் பாழ்நிலம் என்று ஒதுக்குவது, அவற்றுக்கு நெடுவழிச் சத்திரம் அன்றோ!

பத்ம விபூஷண் விருதும், மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் பெற்ற அப்பெருமகனார் 1987இல் மறைந்தார். கோவையில் அவர் பெயரால் ஆய்வு மையம் இயங்குகிறது. 2002இல் கோடியக்கரை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மட்டும் சதுப்பைக் காத்துவிடாது. சேற்றின் அருமையை ஊரார்க்கு எடுத்துரைப்பது, படித்த நம் கடமை என்பேன்.